…து பக்கம் திரும்பவும்

தெருவில் பாவு விரித்திருந்தார்கள். காலை ஏழரை மணி இருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் உள்தெரு ஒன்றில், தெருவின் நீளத்துக்கு மஞ்சள் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் குனிந்து அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். நான் அந்தத் தெருவுக்குள் காரை ஒடித்துத் திருப்பினேன். பிரேக்கில் ஏறி நின்றபோது பம்பருக்கும் பாவு கட்டியிருந்த முதல் குச்சிக்கும் நடுவே ஒரு சைக்கிளை நிறுத்தலாம். அவ்வளவுதான் இடம்.

நான் போயிருக்க வேண்டியது எதிர்ப்பக்கத் தெருவுக்கு. அலைபேசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, பிறகு திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "…து பக்கம் திரும்பவும்."

இடதா, வலதா? முன்னால் நாற்சந்தி, பின்னால் ஹாரன். பின்னிருக்கையில் அம்மாவும் தங்கையும். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்பதால் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்திருந்தேன். யோசிக்கக் கிடைத்தது ஒரு நொடி. வலது என்று ஒடித்தேன். அதை முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது, சீட்டுக் குலுக்கல்.

இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "மூணு பொடவைக்கான பாவு தம்பி" என்றார் பெரியவர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பாட்டு கேட்டுக்கினு வந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், பாட்டு கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அதற்காக இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: நான் திட்ட வேண்டியது பாட்டுக் கேட்ட என்னை அல்ல, வேறொரு என்னை. ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, கார் டேஷ்போர்டுப் பெட்டிகளுக்கு ஒலிப்பகுதி எழுதிக்கொண்டிருந்தவனை. பாட்டு ஓடும்போது வழிசொல்லும் குரல் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த வரிகளில் சில நான் தட்டச்சு செய்தவை. என் காரில் இருப்பது அந்தப் பெட்டி இல்லை. ஆனால் அதே பிழை.

இதற்குத் தொழிலில் பெயர் 'டக்கிங்'. வாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தலையைக் குனிந்துகொள்வது என்ற பொருளில் வருகிற சொல். பாட்டு குனியும், குரல் அதன் தலைக்கு மேலாகப் பேசிவிட்டுப் போகும், பாட்டு நிமிரும். வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் ஒரு விரலால் செய்துவந்த வேலைதான். இப்போது அதை இயங்குதளம் செய்கிறது. ஆண்ட்ராய்டில் வழிசொல்லும் செயலி, 'எனக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும், மற்றவர்கள் தணிந்து பாடினால் போதும்' என்று விண்ணப்பம் போடும். 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து, பாட்டுச் செயலி தானாகத் தணியாவிட்டாலும் இயங்குதளமே அதன் சத்தத்தைப் பிடித்து இறக்கிவிடும். ஐஃபோனிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு.

எங்கள் பெட்டியில் இதற்கு இரண்டு எண்கள் இருந்தன. எவ்வளவு இறக்குவது, எவ்வளவு நேரத்தில் இறக்குவது. முதல் எண்ணுக்காக மூன்று மீட்டிங் நடந்தது. 10 டெசிபலா, 12 டெசிபலா, 20 டெசிபலா என்று வெளிநாட்டு வாடிக்கையாளரோடு இரவு ஒன்பது மணிவரை பேசினோம். பாட்டு அதிகமாக இறங்கினால் பயனருக்கு எரிச்சல் வரும் என்றார்கள். 10 டெசிபல் இறக்கினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும், 20 இறக்கினால் பாட்டு பக்கத்து அறைக்குப் போய்விடும். பேரம் பேசி 12இல் முடித்தோம். இரண்டாவது எண்ணைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நானே போட்டேன்: 500 மில்லிநொடி. அரை நொடி. ஏன் 500? கேட்பதற்கு வழுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி இருந்தது. "ஸ்மூத்தா இருக்கு மச்சி" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். அவ்வளவுதான் அந்த எண்ணின் வரலாறு.

பாவின் முன்னால் நின்ற காரின் பிழை அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

'இடது', 'வலது' என்று சொல்லிப் பாருங்கள். மூன்று மூன்று எழுத்து, எல்லாம் குறில். கடைசி எழுத்து இரண்டிலும் 'து'. நடு எழுத்தின் உயிர் இரண்டிலும் 'அ'. வித்தியாசம் முழுவதும் முதல் ஒன்றரை எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அந்த எழுத்துகளும் வலுவானவை அல்ல. 'வ' உதட்டை உரசிவிட்டுப் போகிற சத்தம், 'ல' வழுக்கல், சொல்லின் நடுவே வருகிற 'ட' நாக்கின் ஒரு தட்டல். முழுச் சொல்லையும் சொல்லி முடிக்க அரை நொடிகூட ஆகாது. பாட்டு இறங்கி முடிப்பதற்கு அரை நொடி. பாட்டும் குரலும் ஒரே கணத்தில் புறப்பட்டால், பாட்டு தரைக்கு வந்து சேரும்போது சொல் முடிந்துவிட்டிருக்கும். மிச்சம் கேட்பது, '…து பக்கம் திரும்பவும்.' எந்தப் பக்கம் என்பதைத் தவிர எல்லாமே தெளிவாகக் கேட்கும்.

ஆங்கிலத்தின் 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டிலும் முதல் மெய்யைத் தின்றுவிட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். 'எஃப்ட்' என்று கேட்டாலும் தெரியும், 'ஐட்' என்று கேட்டாலும் தெரியும். நாங்கள் சோதித்ததெல்லாம் ஆங்கிலக் குரலில்தான். அமைதியான அறையில், யாரோ வாங்கி வைத்த ஆங்கில டெமோ பாட்டோடு. எங்கள் குழுவில் பத்துக்கு எட்டு பேர் தமிழர்கள். ஒருவருக்கும் தமிழில் வைத்துக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இன்னொரு வேடிக்கை. நெடுஞ்சாலையில் எனக்கு இந்தப் பிரச்சினை வரவே இல்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாகக் கார் தொழிற்சாலைகளையும் உதிரிபாகத் தொழிற்சாலைகளையும் தாண்டி, பொன்னேரிக்கரையில் இறங்கும் வரைக்கும் குரல் நன்றாகவே கேட்டது. ஏனென்றால் அங்கே வருவது நீளமான அறிவிப்பு. '500 மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்.' தூரம் முன்னால் வந்து நின்று அடியை வாங்கிக்கொள்கிறது. பாட்டு இறங்கி முடித்தபிறகு பத்திரமாக 'இடது' வருகிறது. முனைக்கு வந்ததும் சொல்கிற கடைசி அறிவிப்பில்தான் தூரம் கிடையாது. 'இடது பக்கம் திரும்பவும்', அவ்வளவே. எது மிக முக்கியமோ அதைக் கவசமில்லாமல் அனுப்புகிறோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகும். 'என்ன சொல்லுச்சு?' என்று பின்னிருக்கையைக் கேட்டு முடிப்பதற்குள் பழைய காஞ்சிபுரத்தில் ஒரு தெருமுனை போய்விடும்.

ப்ளூடூத் இருந்தால் இன்னும் மோசம். பாட்டு ஓடாத நேரத்தில் பல பெட்டிகள் அந்த வழியை மூடி வைத்துத் தூங்கும். குரல் வந்து கதவைத் தட்டினால், எழுந்து திறப்பதற்குள் முதல் அசை வாசலிலேயே விழுந்துவிடும். பாட்டே இல்லாமல் ஓட்டும்போதும் 'டது பக்கம்' என்று சிலருக்குக் கேட்பதற்குக் காரணம் இது.

'சத்தத்தைக் கூட்டி வைக்கலாமே' என்பார்கள். குரலுக்கு மட்டும் தனியாகச் சத்தம் கூட்டும் வசதியும் செயலிகளில் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள். கோயில் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கி காருக்குள் வந்த மாதிரி இருக்கும், அப்போதும் முதல் அசை தப்பிக்காது. காது தராசு இல்லை, இந்தப் பக்கம் எடை கூடினால் அந்தப் பக்கம் ஏறுவதற்கு. ஒரு ஒலி இன்னொன்றை மறைப்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. 1924இல் அமெரிக்காவில் வெகல், லேன் என்ற இருவர் இதை அளந்து எழுதிவிட்டார்கள்: கனத்த, தாழ்ந்த சுருதி ஒலி தனக்கு மேலே இருக்கிற மெல்லிய ஒலியை விழுங்கும், எதிர்த்திசையில் அவ்வளவாக விழுங்காது. காருக்குள் என்ன இருக்கிறது? டயரும் இன்ஜினும் கீழே உறுமுகின்றன. அதன் மேல் நம் பாட்டின் தபேலாவும் பேஸ் கிட்டாரும். சொல்லைச் சொல்லாக்குகிற மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது, அது பாவம் மேல்மாடியில். பாட்டை மொத்தமாக அமுக்கத் தேவையே இல்லை. அந்த நடுப்பகுதியை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தால் போதும், தபேலா பாட்டுக்கு ஓடட்டும். பாட்டு கலக்கும் ஸ்டூடியோவில் பாடகர் வாயைத் திறக்கும்போது மற்ற வாத்தியங்களை அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கச் செய்வது தினசரி வேலை. கார்ப் பெட்டியில் அதைச் செய்யத் தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு ஒன்றுதான். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் போடவில்லை.

ஒலியால் ஒலியை மறைப்பது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ அபசகுனமாக ஏதாவது பேசினாலோ காதில் விழக்கூடாது என்பதற்கு. தவில்காரருக்கு எந்த ஒலி எதை விழுங்கும் என்று நன்றாகத் தெரியும். நாம் அந்தக் கெட்டிமேளத்தை முழங்கவிட்டு, அதன் நடுவில் ஒருவரை நிறுத்தி 'இடது' என்று சொல்லச் சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் சொன்னதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். "தமிழ்ல வெச்சா புரியலடா. இங்கிலீஷ்ல வெச்சுப் பாரு, கிளியரா இருக்கு." அவர் சொல்வது பொய் இல்லை. அவர் காதுக்கு அப்படித்தான் இருக்கிறது. காரணம்தான் வேறு. பேச்சை மறைப்பதில் பேச்சைப் போலக் கெட்டிக்காரன் வேறில்லை, அதுவும் நமக்குப் புரிகிற மொழிப் பேச்சு. பின்னால் தமிழ்ப் பாட்டு ஓடுகிறது. அதில் தமிழ்ச் சொற்கள். மனம் அவற்றைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறது, பாதி மனப்பாடம் வேறு. அதற்குள் இன்னொரு தமிழ்க் குரல் வந்தால் இரண்டும் ஒரே நூலில் சிக்கு விழும். ஆங்கிலக் குரல் தனித்துத் தெரிவது அது வேற்று மொழி என்பதால்தான். நண்பர் ஆங்கிலப் பாட்டு கேட்கிற ஆளாக இருந்தால் தமிழ்க் குரல்தான் கிளியராக இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், ஒரு பயணம் போதும். ஆனால் நாம் உடனே எடுத்த முடிவு என்ன? தமிழ் இதற்கெல்லாம் சரிப்படாது. என் அலைபேசியின் ஆங்கிலக் குரல் 'பிள்ளையார்பாளையம்' என்ற சொல்லை மென்று துப்புவதைக் கேட்டால், அந்தத் தெருவில் பிறந்தவர்கூட வேறேதோ ஊர் என்று நினைப்பார். ஆனாலும் அதையே வைத்துக்கொள்கிறோம். தமிழைத் தொழில்நுட்பத்திலிருந்து வெளியேற்ற சதியெல்லாம் தேவைப்படவில்லை. என்னைப் போன்ற நான்கு பேர் சோம்பலாக இருந்தால் போதும்.

சோம்பல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், விடை நம் தெருவிலேயே கிடக்கிறது.

ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டியவர் என்ன சொல்கிறார்? 'இடது பக்கம் திரும்பவும்' என்றா? "அண்ணே அண்ணே, இங்க லெஃப்டு, லெஃப்டு!" முதலில் ஓட்டுநரின் காதைக் கூப்பிடுகிறார், இரண்டு தடவை. பிறகு இடம். பிறகு திசை, அதுவும் இரண்டு தடவை. இதைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் அச்சு அசலான பொறியியல். முதல் 'அண்ணே' இரைச்சலுக்குப் போகட்டும், இரண்டாவது 'அண்ணே'வில் காது திரும்பிவிடும், அதற்குப் பிறகுதான் சரக்கு.

ரயில் நிலையத்தில் மணியோசை, பிறகு 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'. அந்த வாக்கியத்தில் ஒரு தகவலும் இல்லை. சும்மா மரியாதைக்கு என்று நினைத்தால் தவறு. வண்டி எண் வருவதற்குள் நீங்கள் பேச்சை நிறுத்தி நிமிர்வதற்கான நேரம் அது. அந்தக் காலத்துத் தண்டோராவிலும் இதே வரிசைதான்: முதலில் பறை, பறை நின்ற பிறகு பேச்சு, அந்தப் பேச்சும் 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று நீட்டி முழக்கித்தான் ஆரம்பிக்கும். தண்டோராவை நினைத்து நான் உருகவில்லை. யாரை அந்தப் பறையை அடிக்க வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும், 2022இல் தமிழக அரசு அந்த முறையை நிறுத்தச் சொன்னது சரியான காரியம். ஆனால் அடித்தவரின் அறிவு அவருடையது. ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

தனியார் பேருந்தில் பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடத்துநர் அதன்மேல் கத்துவதே கிடையாது. ஒரு விசில் நில், இரண்டு விசில் போ. அந்தச் சின்ன விசில் ஒலிக்கும் இடமும் மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் ஏறக்குறைய ஒன்று. குறியீடும் எண்ணிக்கையில் இருக்கிறது, முதல் அசையில் இல்லை. பாதி கேட்டாலும் எண்ணிவிடலாம்.

பெரியவர் அன்று எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். காந்தி ரோட்டுக் கடைகளுக்குப் போகாமல் நெய்கிற வீட்டில் நேராக வாங்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு பிடிவாதம், தங்கை கல்யாணப் புடவைக்காகத்தான் அத்தனை காலையில் கிளம்பியிருந்தோம். தேடி வந்த வீடு அதுவல்ல, ஆனாலும் அம்மா வசதியாக உட்கார்ந்து புடவை பேச ஆரம்பித்துவிட்டார். உள்ளே குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. கோர்வைப் புடவை, கரையும் உடலும் வேறு வேறு நிறம். நெய்கிறவர் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்க, கரைக்கான நாடாவைப் போட பக்கத்தில் அவர் மனைவி. ஜன்னல் திண்டில் ஒரு அலைபேசி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. இருவரும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை, அவர்களுக்கு எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரம் கவனித்தபிறகுதான் தெரிந்தது. அவர் தறி அடிக்கும்போது பேசுவதே இல்லை. அடி விழுந்து, கை திரும்புகிற அந்த இடைவெளியில் 'இந்தா' என்கிறார். அடுத்த அடி. அதற்கடுத்த இடைவெளியில் விஷயம். பாட்டை யாரும் குறைக்கவில்லை, குரலை யாரும் உயர்த்தவில்லை.

நான் மடிக்கணினிக்காரன். இதைப் பார்த்ததும் என் மண்டையில் ஓடியது, பாட்டின் தாளத்தை அளந்து அடிக்கும் அடிக்கும் நடுவே குரலை நுழைக்கலாமே என்பது. செய்யலாம். ஆனால் அவ்வளவு சாமர்த்தியமெல்லாம் பிறகு. முதலில் அந்த 'இந்தா' வேண்டும்.

யார் குரல் முதலில் ஒலிப்பது என்பதற்காக வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றம் வரைக்கும் போன ஊர் இது. ஓதும் உரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியிருக்கிறார்கள். வரிசை என்பது சின்ன விஷயம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் மீட்டிங்கில் வரிசையைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களை நினைத்தால்தான் எனக்குச் சங்கடம். காஞ்சிபுரத்துக்குத் தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற டாக்ஸி ஓட்டுநர்கள். அவர்களில் பலர் பாட்டுக் கேட்பது அலைபேசியில் இல்லை, பென் டிரைவில். ஐந்நூறு பாட்டு, நடுவில் சாமி பாட்டு நாற்பது. அந்தப் பாட்டு காரின் பெட்டியிலிருந்து நேராக வருகிறது. வழிசொல்லும் குரல் அலைபேசியிலிருந்து வருகிறது. அலைபேசியால் தன்னிடம் ஓடுகிற பாட்டைத்தான் தணிக்க முடியும், பென் டிரைவ் பாட்டு அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதே அல்ல. நாங்கள் ராத்திரி ஒன்பது மணிவரை பேசிய 12 டெசிபல் இவர்களுக்கு ஒரு டெசிபல்கூட உதவாது. கண்ணாடிக்குக் கீழே பிடிப்பானில் மாட்டிய அலைபேசி தன் சின்ன ஒலிபெருக்கியில் முனகிக்கொண்டிருக்கும். அவர் ஒரு கையால் பாட்டைக் குறைத்து, குனிந்து கேட்டு, திரையைப் பார்த்து, திரும்பவும் பாட்டைக் கூட்டுவார். அலைபேசிக் குரலைத் தொலைபேசி அழைப்பு போல வேடமிட்டு அனுப்பினால் காரின் பெட்டி பாட்டை நிறுத்தி வழிவிடும், அந்த வசதி சில செயலிகளில் அமைப்புகளுக்குள் நாலு படி கீழே இறங்கினால் கிடைக்கும். அதை அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டுகிறவருக்கு வேலை செய்யாமல், வாரத்துக்கு ஒருநாள் ஈ.சி.ஆர். போகிறவனுக்கு மட்டும் வேலை செய்கிற ஒன்றைக் கட்டிவிட்டு, எல்லோருக்கும் கட்டிவிட்டோம் என்று பார்ட்டி வைத்தோம்.

உபன்யாசம் கேட்பவர்களின் கதை தனி. பாட்டைத் தணிக்கலாம், பேச்சைத் தணிக்கக்கூடாது. தணிந்த பேச்சின்மேல் இன்னொரு பேச்சு விழுந்தால் இரண்டும் போச்சு. பேச்சை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், குரல் சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஐஃபோனில் 2015 முதலே இதற்கு ஏற்பாடு இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் உண்டு. செயலி எழுதுகிறவர் 'நான் ஒலிபரப்புவது பேச்சு' என்று ஒரு வரியில் அறிவித்தால் போதும். நான் திறந்து பார்த்த நம்மூர்ச் செயலிகள் சிலவற்றில் உபன்யாசமும் பாட்டு என்றே பதிவாகியிருந்தது. ஒரு வரி. அதுகூட இல்லை.

எழுதும் நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது அவர்கள் வேறு பக்கம் போனார்கள். 'வழி கேட்பதே ஒரு மனித உறவு, அதை மெஷின் தின்றுவிட்டது, டீக்கடையில் நிறுத்திக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா' என்று. கவிதையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அம்மா தனியாகக் கார் ஓட்டுகிறவராக இருந்து, ராத்திரி பத்து மணிக்கு செவிலிமேட்டில் எந்த டீக்கடையில் நிறுத்திக் கேட்பார்? வழி கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி சுகமாக இருந்ததில்லை. என்ன ஊர், எந்தத் தெரு, யாரு வீடு என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் சிலருக்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் குரல் யாரையும் எதையும் திருப்பிக் கேட்காது. அதனால்தான் அது நன்றாகக் கேட்க வேண்டும் என்கிறேன். மெஷினைத் திட்டுவது சுலபம், அதைச் சரியாகச் செய்யாதவனைப் பெயர் சொல்லித் திட்டுவது கஷ்டம். இந்த விஷயத்தில் அவன் பெயர் எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு வசதி.

'திரையில்தான் அம்புக்குறி தெரிகிறதே' என்பது இன்னொரு பதில். காரில் குரலை வைத்ததே திரையைப் பார்க்காமல் இருக்கத்தான். 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழிகாட்டலுக்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. 'இடதா வலதா' என்று குனிந்து பார்க்கிற கணத்தில் கவனம் எங்கே இருக்கும் என்று அந்தப் பாவின் முன்னால் நின்றவனைக் கேளுங்கள்.

திரும்பி வரும்போது அம்மா முன்னிருக்கைக்கு வந்துவிட்டார். புடவையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைச் சத்தத் திருகின்மேல் வைத்துக்கொண்டார். முனை வருகிறது என்று தெரிந்ததும் பாட்டைக் குறைத்தார். காத்திருந்தார். அலைபேசி பேசியது. "சோத்தாங்கைப் பக்கம்" என்று தன் பங்குக்குத் தமிழில் மொழிபெயர்த்தார், பிறகு கூட்டினார். சோத்தாங்கை, பீச்சாங்கை. முதலெழுத்து இரண்டும் நெடில், வாயைத் திறந்து இழுத்துச் சொல்ல வேண்டிய சத்தங்கள், எந்தத் தபேலாவும் அவற்றை முழுசாக விழுங்காது. மேப்பில் இப்படி வைத்தால் யாராவது கௌரவக் குறைச்சல் என்று வழக்குப் போடுவார்கள், அதனால் அந்தக் கோரிக்கையை வைக்கவில்லை.

என் கோரிக்கை சின்னது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் அந்த வரிகள் திறந்திருக்கிற மடிக்கணினியின் முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பீர்கள். சென்னையில் அதற்கு வாய்ப்பு அதிகம். பாட்டும் குரலும் ஒரே கணத்தில் புறப்படுகிறதா என்று பாருங்கள். புறப்பட்டால், பாட்டை முதலில் இறக்குங்கள், இறங்கி முடிந்தபின் ஒரு மூச்சு விட்டுக் குரலை அனுப்புங்கள். கடைசி அறிவிப்பின் முன்னால் ஒரு 'இதோ' சேருங்கள், பின்னால் திசையை இன்னொரு முறை சொல்லுங்கள்: 'இதோ, இங்கே இடது பக்கம். இடது.' எல்லாம் சேர்த்து ஒன்றரை நொடி கூடும், அதற்கேற்ப அறிவிப்பைப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே தொடங்குங்கள். அமைதியான அறையில் சோதிக்காதீர்கள். ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு, பிள்ளையார்பாளையம் மாதிரி ஒரு இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள், தமிழில் வைத்து. பின்னிருக்கையில் உங்கள் அம்மாவை உட்கார வையுங்கள். பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும், சத்தத்தையும்.